இரண்டு உண்டியலும் ஒரு சுட்டெண்ணும்

எங்கள் பக்கத்தில் உண்டியல் என்றால் மூன்று. கோயில் வாசலில் இருப்பது ஒன்று. கனடாவிலோ சுவிஸிலோ இருக்கிற பிள்ளை அங்கே ஒருவரிடம் காசைக் கொடுக்க, இங்கே இன்னொருவர் மோட்டார் சைக்கிளில் வந்து ரூபாயை எண்ணித் தந்துவிட்டுப் போவாரே, அதற்கும் பெயர் உண்டியல்தான். மூன்றாவது, அரசாங்கம் ஒரு வருடத்துக்கு உட்பட்ட கடனுக்கு எழுதித் தருகிற சீட்டு. மத்திய வங்கியின் தமிழில் அது திறைசேரி உண்டியல். கோயில் உண்டியலைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். கொழும்புப் பங்குச் சந்தையின் சுட்டெண் ஏன் ஏறுகிறது, ஏன் விழுகிறது என்று வன்னியில், ஓமந்தையில் இருந்துகொண்டு விளங்கிக்கொள்ள மற்ற இரண்டும் முக்கால்வாசி போதும்.

என்னிடம் படித்த தம்பி ஒருவர் ஏ-9 வீதியோரம் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். கைத்தொலைபேசியில் பங்குச் சந்தைச் செயலி வைத்திருப்பவர். 2025 ஓகஸ்டில் ஒரு காலை, கடையைத் திறக்க முன்னமே என்னைக் கண்டு கூப்பிட்டார்.

“சேர், இருபதாயிரம் தாண்டிட்டுதாம். அப்ப நாடு திருந்திட்டுதோ?”

“உம்மட கடையில ஏவாரம் திருந்திட்டுதோ?”

“அது கிடக்குது அப்பிடியே.”

கேள்வியும் பதிலும் இரண்டுமே நியாயமானவைதான். அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் உண்மையாகவே 20,000ஐத் தாண்டியிருந்தது. அவருடைய கடையில் கடன் கொப்பி தடித்துக்கொண்டே போனதும் உண்மை. சுட்டெண் எதை அளக்கிறது என்று தெரிந்தால் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை என்பது பிடிபடும்.

கொழும்பில் பங்கு வியாபாரம் 1896இலேயே தொடங்கிவிட்டது. தேயிலைத் தோட்டக் கம்பனிகளுக்கு முதல் திரட்ட ஆங்கிலேயர் காலத்துத் தரகர்கள் அமைத்த சங்கம் அதன் வேர். இப்போதைய பரிவர்த்தனை நிலையம் 1985இல் உருவானது. அந்த ஆண்டின் விலைகளை 100 என்று வைத்துக்கொண்டு, பட்டியலில் உள்ள எல்லாக் கம்பனிகளின் பங்குகளும் இன்று சேர்ந்து எவ்வளவு பெறும் என்று பார்க்கிறார்கள். அவ்வளவுதான் சுட்டெண். பட்டியலில் இருப்பவை முந்நூறுக்குச் சற்றுக் குறைவான கம்பனிகள்: வங்கிகள், காப்புறுதி, பெருங்குழுமங்கள், தோட்டங்கள், ஹோட்டல்கள், சிகரெட், சாராயம், தொலைபேசி. அந்தப் பட்டியலில் வன்னியின் குளமும் இல்லை, வயலும் இல்லை.

ஆனால் வயலை வைத்துத்தான் பங்கின் விலையை விளக்க முடியும். இரண்டு ஏக்கர் வயல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். செலவெல்லாம் போக, குத்தகையாக வருடம் 50,000 ரூபாய் வருகிறது. அந்த வயலுக்கு என்ன விலை கொடுக்கலாம்? வவுனியாவில் வங்கிக்குப் போய் நிலையான வைப்புக்கு என்ன வட்டி என்று முதலில் கேட்க வேண்டும். 5 வீதம் என்றால், 50,000 ரூபாய் வட்டி எடுக்கப் 10 இலட்சம் போட வேண்டும். ஆகவே வயலுக்கும் 10 இலட்சம் வரை கொடுக்கலாம். வட்டி 25 வீதமானால் அதே 50,000ஐ 2 இலட்சம் போட்டே எடுத்துவிடலாம். பிறகு யார் வயலுக்கு 10 இலட்சம் தருவார்? மண் அதே மண், குளத்துத் தண்ணீரும் அதே தண்ணீர். வங்கி வாசலில் ஒட்டியிருந்த ஒரு தாள் மாறியதில் வயலின் பெறுமதி ஐந்தில் ஒன்றாகிவிட்டது.

கணக்கு இத்தோடு முடியவில்லை. வட்டி ஏறுகிற காலத்தில் சாமானின் விலையும் ஏறும், நெல் விலையும் ஏறும், குத்தகையும் ஏறும். குத்தகை வருடத்துக்கு 15 வீதம் ஏறும் என்று நம்பினால், 25இலிருந்து அந்த 15ஐக் கழித்துவிட்டு மிச்சமுள்ள 10ஆல் வகுக்க வேண்டும். விலை 5 இலட்சத்துக்குத் திரும்பிவிடும். எதிர்ப்பக்கமாக இன்னொன்று இருக்கிறது. அந்த வயலில் கண்ணிவெடி அகற்றி முடியவில்லை என்று வையுங்கள். வட்டியும் குத்தகையும் தாள் கணக்கில் எதைச் சொன்னாலும் ஒருவரும் கிட்ட வரமாட்டார். வருகிறவரும், இந்த ஆபத்துக்கு எனக்கு மேலதிகமாக இவ்வளவு வேண்டும் என்று கேட்பார். அது வட்டியோடு கூட்டப்படும்.

ஆக, வருமானத்தை எடுத்து, வட்டியோடு பயத்தைக் கூட்டி, வளர்ச்சியைக் கழித்து, வருவதால் வகுத்தால் விலை. பங்கும் அப்படியே. குத்தகைக்குப் பதில் கம்பனியின் இலாபமும் பங்கிலாபமும். நாட்டின் பொருளாதாரத்தில் நடக்கிற எதுவும், மழை, தேர்தல், எண்ணெய் விலை, சர்வதேச நாணய நிதியம், போர் எல்லாமே, இந்தக் கணக்கின் ஏதோ ஒரு எண்ணை மாற்றித்தான் பங்குச் சந்தைக்குள் நுழைகின்றன. இந்த எண்களில் தினமும் வெளியே தெரிவது வட்டி ஒன்றுதான். அந்த வட்டியின் அடிக்கல் திறைசேரி உண்டியல். உள்நாட்டு ரூபாயில் அரசாங்கத்துக்குக் கொடுக்கிற கடன்தான் பாதுகாப்பானது என்று எல்லோரும் கொள்வதால், மற்ற வட்டிகளெல்லாம் அதன் மேல் கட்டப்படுகின்றன.

2020இலிருந்து நடந்தது, ஒரு ஆசிரியருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பாடம். நாட்டுக்கு அது மிக மோசமான காலம். கொவிட் வந்ததும் பங்குச் சந்தை 2020 மார்ச் 20இலிருந்து மே 11 வரை பூட்டிக்கிடந்தது. மத்திய வங்கி வட்டியைத் தொடர்ந்து வெட்டி, யூலையில் தன் இரண்டு கொள்கை வட்டி வீதங்களையும் 4.5, 5.5 என்ற அளவுக்கு இறக்கிவிட்டது. வாகன இறக்குமதி தடை. வெளிநாட்டுப் பயணம் இல்லை. கலியாண மண்டபங்கள் வெறுமை. கையில் காசு வைத்திருந்தவருக்கு வங்கியில் 5 வீதம், வெளியே வாங்க ஒன்றுமில்லை. போதாததற்கு மத்திய வங்கி தானே திறைசேரி உண்டியல்களை வாங்கிப் புதுக்காசை இறக்கிக்கொண்டிருந்தது. அதே வருடம் பங்குச் சந்தை செயலியை அறிமுகப்படுத்தியதால், கொழும்புக்குப் போகாமலே வீட்டுத் திண்ணையிலிருந்து கணக்குத் திறக்கலாம் என்றானது. காசு எங்கே போகும்? 2020 முடிவில் 6,774ஆக இருந்த சுட்டெண் 2021 முடிவில் 12,226. ஒரு வருடத்தில் 80 வீத ஏற்றம். 2022 ஜனவரியில் 13,000ஐயும் தாண்டியது.

இதே 2021 மே மாதத்தில்தான் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் அரசாங்கம் நிறுத்தியது. யூரியா இல்லாமல் காலபோகத்துக்கு எங்கள் வயல்கள் மஞ்சளித்து நின்ற மாதங்களும், கொழும்பில் சுட்டெண் சாதனை படைத்த மாதங்களும் ஒன்றே. விவசாயம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 8 வீதம்தான். ஆனால் வேலை செய்பவர்களில் கால்வாசிப்பேர் அதில் இருக்கிறார்கள். சுட்டெண்ணில் எங்கள் நெல்லின் பங்கோ பூச்சியம் என்றே சொல்லலாம். பத்திரிகையின் ஒரே பக்கத்தில் இரண்டு செய்தியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தபோது சனம் குழம்பியது. குழம்பத் தேவையில்லை. மலிவுக் காசு உயர்த்திய விலை அது.

நான் சொன்ன தம்பி சந்தைக்குள் நுழைந்தது அந்த உச்சியில். வீட்டுக்காரியின் சங்கிலியை வவுனியாவில் அடகு வைத்து எடுத்த காசு. நவம்பரில் வாங்கியது டிசம்பரில் ஏறியது, ஜனவரியில் இன்னும் ஏறியது. “சேர், நெல் விதைச்சு நாலு மாதம் காத்திருக்கிறம். இது நாலு நாளில வருது” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டார் என்பது ஒரு பக்கம். அந்த நேரம் எனக்கும் கை துறுதுறுத்தது என்பது மறுபக்கம்.

இனி மற்ற உண்டியல். அந்தக் காலத்தில் மத்திய வங்கி டொலரை 203 ரூபாயளவில் கட்டிப்போட்டு வைத்திருந்தது. கட்டிய கயிறு எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று அறிய ஓமந்தையில் ஒருவரும் பொருளியல் படிக்கத் தேவைப்படவில்லை. வங்கியில் 203, உண்டியலில் 240, 250. வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்புகிற ஆயிரம் டொலருக்கு நாற்பது ஐம்பதாயிரம் கூடுதலாகக் கிடைக்கும்போது எந்தத் தாய் வங்கி வரிசையில் நிற்பாள்? ஒவ்வொரு வீடும் தனக்கு நியாயமானதைச் செய்தது. நாடு முழுக்கச் சேர்த்தால், 2020இல் 710 கோடி டொலராக வங்கி வழியே வந்த வெளிநாட்டுப் பணம், 2021இல் 550 கோடியாகி, 2022இல் 380 கோடிக்கு இறங்கியது. எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்க டொலர் இல்லை. பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 5 கோடி டொலருக்கும் குறைவு என்று அப்போதைய நிதியமைச்சர் அலி சப்ரி 2022 மே மாதம் நாடாளுமன்றத்தில் சொன்னார்.

கயிறு 2022 மார்ச் 7ஆம் திகதி அவிழ்க்கப்பட்டது. அந்த மாத முடிவில் டொலர் 300க்குக் கிட்ட, மே மாதத்தில் 360. ஏப்ரல் 7இல் நந்தலால் வீரசிங்க மத்திய வங்கி ஆளுநராகப் பொறுப்பேற்றார். மறுநாளே கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்தினார். அவ்வளவு பெரிய உயர்வை இலங்கை அதற்கு முன் கண்டதில்லை. ஏப்ரல் 12இல், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. புத்தாண்டு விடுமுறை முடிந்த கையோடு, பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் உத்தரவில் பங்குச் சந்தை ஐந்து நாள் பூட்டப்பட்டது. ஏப்ரல் 25 திங்கட்கிழமை திறந்தார்கள்.

அன்று காலை நானும் தம்பியும் பெற்றோல் வரிசையில் நின்றோம். வரிசை அசையவில்லை. அவர் கைத்தொலைபேசியைப் பார்த்தார். பிறகு எனக்கும் காட்டினார். மேலிருந்து கீழ்வரை சிவப்பு.

“திறந்து கண்ணை மூடித் திறக்கமுதல் பூட்டிட்டாங்கள் சேர்.”

பெரிய கம்பனிகள் இருபதின் சுட்டெண் குறிப்பிட்ட அளவுக்கு மேல் விழுந்தால் வியாபாரம் தானாக நிற்கும் என்பது விதி. அந்த எல்லையை அன்று சந்தை தொட்டுவிட்டது. விற்கவும் முடியாது, பார்த்துக்கொண்டிருக்கலாம். தம்பி போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, “வரிசை அசையுதோ பாருங்கோ” என்றார்.

வயல் கணக்கில் இப்போது நடந்ததைப் பாருங்கள். வட்டி: 2021இல் 5 வீதத்தில் கிடந்த மூன்று மாதத் திறைசேரி உண்டியல் 2022 கடைசியில் 30 வீதத்தைத் தாண்டியது. பயம்: வாங்குரோத்து, வரிசை, மின்வெட்டு, ஜனாதிபதி மாளிகைக்குள் சனம். வளர்ச்சி: பொருளாதாரம் அந்த வருடம் 7 வீதத்துக்கு மேல் சுருங்கியது. வகுக்கிற எண் மூன்று பக்கத்தாலும் வீங்கியது. இப்படியானால் சுட்டெண் பத்தில் ஒன்றாக அல்லவா ஆகியிருக்க வேண்டும்? ஆனது 8,490. அதாவது, 31 வீத இழப்புத்தான். ஏன்?

விடை பணவீக்கத்தில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்தில் 69.8 வீதம் ஏறியிருந்தது. உணவு மட்டும் 94.9. சிகரெட்டோ சவர்க்காரமோ விற்கிற கம்பனி விலையைக் கூட்டிவிடும். ரூபாயில் எழுதினால் விற்பனை வீங்கித் தெரியும். டொலரில் சம்பாதிக்கிற கம்பனிகளுக்கு இன்னும் வசதி. கப்பற் சரக்கு அனுப்புதலைக் கையாளும் எக்ஸ்போலங்காவின் பங்கு 2020இல் சில ரூபாய்க்கு விற்றது. உலகம் முழுக்கக் கொள்கலன் கட்டணம் ஏறியதிலும், ரூபாய் விழும் என்ற எதிர்பார்ப்பிலும் 2022 தொடக்கத்தில் அதே பங்கு பல நூறு ரூபாய்க்குப் போனது. பிறகு உலகக் கட்டணம் இறங்க, அதுவும் இறங்கியது. மறுகரையில் இறக்குமதி செய்து விற்கும் கம்பனிகளுக்கு அதே ரூபாய் வீழ்ச்சி கழுத்தில் கத்தி. ஆகவே, ரூபாய் விழுந்தால் பங்குச் சந்தைக்கு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. எந்தக் கம்பனி, அதன் வரவு எந்தக் காசில், செலவு எந்தக் காசில் என்று கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் ரூபாயில் எழுதிய எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. இறப்பர் நாடாவால் காணி அளப்பது போன்றது அது. 2021 முடிவில் 12,226ஐ அன்றைய டொலர் விலையான 200ஆல் வகுத்தால் 61. 2022 முடிவில் 8,490ஐ 363ஆல் வகுத்தால் 23. ரூபாய்க் கணக்கில் 31 வீதம் போனது என்று சொன்ன சந்தை, டொலர்க் கணக்கில் 62 வீதத்தை இழந்திருக்கிறது. கனடாவிலிருந்து முதலிட்டவருக்கு இரண்டாவது எண்தான் உண்மை. இன்னொரு படி போவோம். 2024 முடிவில் சுட்டெண் 15,945. பத்திரிகைகள் சாதனை என்று கொட்டை எழுத்தில் போட்டன. அன்றைய டொலர் 293ஆல் வகுத்துப் பார்த்தால் 54. மூன்று வருடத்துக்கு முந்திய 61ஐ அது இன்னும் தொடவில்லை.

இது எங்களுக்கு மட்டும் உரிய வினோதம் இல்லை. துருக்கியில் 2022இல் பணவீக்கம் 85 வீதம் வரை போனது, லீரா விழுந்துகொண்டிருந்தது. இஸ்தான்புல் சுட்டெண் அந்த ஒரு வருடத்தில் மும்மடங்குக்குக் கிட்ட ஏறியது. காசு கரைகிறது என்று தெரிந்த சனம், கரையாத ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. எங்கள் ஊரில் அது நகை, அல்லது காணி. இஸ்தான்புல்லில் பங்கு.

பயத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், அதற்கு ஓமந்தையை விடப் பொருத்தமான இடம் இல்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் கையெழுத்தாகி ஏ-9 திறந்தபோது, அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதியின் கடைசிச் சோதனைச் சாவடி எங்கள் ஊரில். அதற்கு அப்பால் செஞ்சிலுவைச் சங்கத்தார் நிற்கும் சூனியப் பிரதேசம். அதற்கும் அப்பால் புலிகளின் சாவடி, அவர்களது வரி. அதற்கு முந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் வவுனியாவில் ஒரு விலைக்கு விற்ற மண்ணெண்ணெய், கோட்டுக்கு அந்தப் பக்கம் பல மடங்கு. அது அதே எண்ணெய்தான். தூரமும் ஒரு சைக்கிள் ஓட்டம்தான். விலை வித்தியாசம் முழுவதும் பயமும் தடையும் வரியும். பொருளியலாளர் பெரிய பெயர் வைத்து அழைக்கிற ஆபத்து மிகையூதியத்தை எங்கள் சனம் போத்தலில் அளந்து வாங்கியது.

கோடு மெலிந்தபோது கொழும்பிலும் பயத்தின் எண் குறைந்தது. 2001இல் நாட்டின் பொருளாதாரமே சுருங்கியிருந்தது. யூலையில் கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதல், சுதந்திரத்துக்குப் பின் முதல் தடவையாக எதிர்மறை வளர்ச்சி. அந்த வருட முடிவில் சுட்டெண் 621. இரண்டு வருடம் கழித்து, 2003 முடிவில் 1,062. ஏ-9இல் லொறிகள் ஓடத் தொடங்கியதும் ஒரு காரணம். ஆனால் அதே இரண்டு வருடத்தில் திறைசேரி உண்டியல் வட்டி ஏறக்குறைய 13 வீதத்திலிருந்து 7 வீதத்துக்கு இறங்கியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2009ஐப் பற்றி எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். அந்த வருடத்தின் முதல் ஐந்து மாதங்களில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து உயிரோடு வெளியேறிய சனத்தை இந்த ஓமந்தையில்தான் இறக்கி, சோதித்து, பெயர் எழுதி, பஸ்ஸில் ஏற்றிச் செட்டிகுளம் முகாம்களுக்கு அனுப்பினார்கள். மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள். அதே வருடத்தில் கொழும்புச் சுட்டெண் 1,503இலிருந்து 3,386க்கு ஏறியது. 125 வீதம். உலகில் அவ்வாண்டு மிக வேகமாக ஏறிய சந்தைகளில் ஒன்று என்று பாராட்டப்பட்டது. சுட்டெண்ணுக்குக் கண்ணீர் தெரியாது என்று நான் வசனம் எழுதப்போவதில்லை. அது வட்டியையும் பயத்தையும் வளர்ச்சியையும் மட்டும் பார்க்கிற கருவி. அந்தக் கருவி அன்று பார்த்தது இதுதான்: போர் என்ற பயம் கணக்கிலிருந்து கழிந்தது. யூலையில் நாணய நிதியம் 260 கோடி டொலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது. 2008 நடுவில் 28 வீதமாக இருந்த பணவீக்கம் ஒற்றை இலக்கத்தின் அடிக்கு வந்துவிட்டது. மூன்று மாதத் திறைசேரி உண்டியல் 17 வீதத்திலிருந்து ஒரே வருடத்தில் 8க்குக் கீழே இறங்கியது. துப்பாக்கி ஓய்ந்ததால் சந்தை ஏறியது என்று மட்டும் சொல்பவர்கள் பாதிக் கதைதான் சொல்கிறார்கள். மறுபாதி வட்டி.

2010இல் சுட்டெண் இன்னும் 96 வீதம் ஏறி 6,636 ஆனது. இங்கேதான் என் வயல் கணக்குத் தடுமாறுகிறது. அந்த வருடம் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் வாங்கியதை விட விற்றதே அதிகம். உள்ளூர்க் காசு, அதிலும் தரகர்கள் கொடுத்த கடன் காசு, சின்னச் சின்னக் கம்பனிகளின் பங்குகளை வானத்துக்கு ஏற்றியது. 2011 தொடக்கத்தில் 7,800 வரை போய்ப் பிறகு வழுக்கியது. தரகுக் கடனைக் கட்டுப்படுத்தி, விலையை வேண்டுமென்றே ஏற்றியவர்களை விசாரிக்க முயன்ற காலத்தில், பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் தலைவர்கள் இருவர் அடுத்தடுத்துப் பதவி விலகினார்கள்: 2011 டிசம்பரில் இந்திராணி சுகததாச, 2012 ஓகஸ்டில் திலக் கருணாரத்ன. பொருளாதாரக் காரணிகள் கடல்மட்டத்தை விளக்கும். ஒவ்வொரு அலையையும் விளக்கா. ரொபர்ட் ஷில்லர் 1981இலேயே அமெரிக்கச் சந்தையை எடுத்து, பங்கிலாபங்கள் ஏறி இறங்குவதைக் காட்டிலும் பங்கு விலைகள் மிக அதிகமாக ஏறி இறங்குகின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அவருக்குப் பின்னாளில் நோபல் பரிசு கிடைத்தது. எங்களூர்த் தரகர்கள் அவருக்கு இன்னும் நல்ல உதாரணம் கொடுத்திருப்பார்கள்.

பயம் குறைவதற்கு நல்ல செய்தி வர வேண்டும் என்றும் இல்லை. கெட்ட செய்தி வந்து முடிந்தாலும் போதும். 2023 மார்ச் 20இல் நாணய நிதியத்தின் 300 கோடி டொலர் வரையிலான திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. அதற்குப் பிறகு எல்லோரும் நடுங்கியது உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கு. அரசாங்கப் பத்திரங்களில் வங்கிகள் தலையில் எவ்வளவு விழும்? யூன் கடைசியில் ஐந்து நாள் வங்கி விடுமுறை விட்டார்கள். எங்கள் பக்கத்தில் சிலர் வைப்பை எடுக்க முந்திய நாளே வவுனியாவுக்கு ஓடினார்கள். முடிவு வந்தது: வங்கிகளின் முறிகளில் கை வைக்கவில்லை. ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வுகால நிதியங்களின் முறிகள் குறைந்த வட்டிக்கு, நீண்ட தவணைக்கு மாற்றப்பட்டன. மாற்ற மறுத்தால் 30 வீத வரி. யூலை 4இல் சந்தை திறந்ததும் வங்கிப் பங்குகள் துள்ளி எழுந்தன. அந்தத் துள்ளலுக்கான செலவை, இருபது முப்பது வருடம் சம்பளத்தில் சேமலாபம் வெட்டுப்பட்ட ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகளும் தோட்டத் தொழிலாளரும் கட்டினார்கள் என்பது என் அபிப்பிராயம். அதைச் சந்தை அறிக்கைகளில் நான் வாசித்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்தது பழைய கணக்கின் எதிர்த்திசை. 2023 யூனில் வட்டி வெட்டு ஆரம்பித்தது. ஒரே வருடத்தில் கொள்கை வட்டி ஏறக்குறைய பாதியானது. 2024 நவம்பரில் இரண்டு வீதங்களை ஒன்றாக்கி 8 என்று வைத்தார்கள். 2025 மே மாதத்தில் 7.75. டொலர் 300ஐச் சுற்றி அமைதியானது. உண்டியலுக்கும் வங்கிக்கும் விலை வித்தியாசம் தேய்ந்ததால், வங்கி வழியே வரும் வெளிநாட்டுப் பணம் 2024இல் 650 கோடி டொலரைத் தாண்டியது. இடையில் 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். இடதுசாரி வந்தால் சந்தை சாகும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். நவம்பர் பொதுத்தேர்தலில் அவரது கட்சி மூன்றில் இரண்டைப் பிடித்த பிறகு சந்தை இன்னும் வேகமாக ஏறியது. நாணய நிதியத் திட்டத்தை அவர் கிழிக்கமாட்டார் என்று தெரிந்ததும் பயத்தின் எண் சுருங்கிவிட்டது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்றபோது சந்தை ஒரு நாள் சரிந்து, வியாபாரம் சிறிது நேரம் நிறுத்தப்பட்டது. வரி குறைய, திரும்ப ஏறியது.

அந்த ஏற்றத்தில்தான் 20,000. தம்பியின் பழைய பங்குகளில் பாதி தேறியிருந்தன. மற்றப் பாதி தேறவில்லை. சங்கிலி மீண்டுவிட்டது, ஆனால் பங்கை விற்ற காசில் இல்லை, அண்ணன் அனுப்பிய காசில். கடையில் ஏவாரம் அப்படியே கிடப்பதற்கு விளக்கம் கஷ்டமில்லை. வட்டி இறங்கிய இலாபம் முதலில் போய்ச் சேர்வது ஏற்கெனவே சொத்து வைத்திருப்பவரிடம். 2022இல் ஏறிய விலைகளோ இறங்கவில்லை, ஏறும் வேகம்தான் நின்றது. எங்களூரில் சொத்து என்பது வயலும் மாடும். எங்கள் ஊர்ப் பெயரோடு பொருளாதாரம் என்ற சொல்லைப் பத்திரிகைகள் சேர்த்து அச்சிட்டது ஒரே ஒரு தடவைதான்: 2016இல் வடக்குக்கான பொருளாதார மத்திய நிலையம் ஓமந்தையிலா தாண்டிக்குளத்திலா என்று அரசியல்வாதிகள் இழுபட்டபோது. கடைசியில் அது எங்களுக்கு வரவில்லை.

தம்பி இப்போதும் காலையில் முதல் வேலையாகச் சுட்டெண்ணைத்தான் பார்க்கிறார். நான் அவருக்குச் சொல்லிவைத்திருப்பதை உங்களுக்கும் சொல்கிறேன். அந்த எண்ணைப் பார்க்கிற அன்றைக்கே இன்னும் இரண்டு எண்ணைப் பாருங்கள். ஒன்று, டொலரின் விலை, வங்கியிலும் உண்டியலிலும். மற்றது, திறைசேரி உண்டியல் ஏலத்தின் வட்டி. ஏலம் வழக்கமாகப் புதன்கிழமைகளில் நடக்கும். முடிவை அன்றே மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் போட்டுவிடும், தமிழிலும்.